ஊற்றுக்கண்ணைச் சுற்றி ஐந்தடி

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டெக்சஸின் ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, கையில் ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது, இதுவரை பதினான்கு டைவ், எல்லாமே கடலில். சான் மார்கோஸ் ஊரின் ஸ்பிரிங் லேக்கில் தன்னார்வலர்கள் ஸ்கூபா டைவ் செய்து நீர்ச்செடிகளை வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: “வெட்டினால் திரும்ப வளரத்தானே போகிறது, ஏரிக்கு நிஜமாகவே இதனால் பயன் உண்டா, இல்லை நமக்கு இலவசமாக ஒரு டைவ் கிடைப்பதுதான் மிச்சமா?” இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்பது வருடமாக அந்த ஏரியில் தன்னார்வலராக இறங்கிக்கொண்டிருக்கிறேன். உயிரியல் படித்தவன் இல்லை. கை பழகியதும், கூட இறங்கிய ஆய்வாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் என் அறிவு. அந்த அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பயன் உண்டா என்பதற்கான பாதி விடை அதில் இருக்கிறது. அது இயற்கையான ஏரி கிடையாது. சான் மார்கோஸ் ஊற்றுகளிலிருந்து ஆறு நேராகக் கிளம்பி ஓடிக்கொண்டிருந்தது. 1849-ல் எட்வர்ட் பர்ல்சன் (டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்தபோது அதன் துணைத் தலைவராக இருந்தவர்) மில் ஓட்டுவதற்காகக் கீழே ஓர் அணை கட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட ஊற்றுக்கண்கள் தேங்கிய நீருக்கு அடியில் போயின. 1920-களின் கடைசியில் கரையில் ஓட்டல் வந்தது, பிறகு கண்ணாடித் தரை வைத்த படகுகள், அப்புறம் நீருக்குள் அமிழும் அரங்கம். அக்வாரினா ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் அது கேளிக்கைப் பூங்கா. ரால்ஃப் என்ற நீச்சல் பன்றியைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1994-ல் இன்றைய டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்த இடத்தை வாங்கியது. 2012-ல் ராணுவப் பொறியாளர் படையின் மீட்புத் திட்டத்தில் அந்த அரங்கத்தை அகற்றினார்கள். இப்போது பல்கலைக்கழகத்தின் மெடோஸ் மையம் ஏரியைப் பார்த்துக்கொள்கிறது. கண்ணாடிப் படகுகள் மட்டும் இன்றும் ஓடுகின்றன.

மீட்டெடுத்த ஏரி என்று சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அணை இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓடவேண்டிய தண்ணீர் நிற்கிறது. நிற்கிற தண்ணீரில் வண்டல் படிகிறது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி, அடிவரை வெயில் இறங்கும். வருடம் முழுக்க வெப்பநிலை ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். வெளிச்சம், வண்டல், மிதமான சூடு மூன்றும் சேர்ந்தால் செடிகளுக்கு வேறென்ன வேண்டும்? குளிர்காலத்தில் கொஞ்சம் மந்தப்படும், அவ்வளவுதான். முன்பு ஓட்டமே செய்துகொண்டிருந்த துப்புரவை அணை வந்த பிறகு யாராவது செய்தாக வேண்டியிருக்கிறது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால், திரும்ப வளரத்தானே போகிறது என்ற கேள்வியின் கனம் குறையும். வளரும்தான். வீட்டு வாசலில் தினமும் தூசி விழுகிறது என்று யாரும் பெருக்காமல் இருப்பதில்லையே.

வேலை என்னவென்று துல்லியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பாசி பிடுங்குவது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எழுதி வைத்த முறை ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து ஊற்று வாக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஊற்றுக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வருவார்கள். முதலில் ஊற்றுக்கண்ணின் மேல் படிந்த வண்டலை ஃபின்னால் (காலில் மாட்டும் துடுப்பு) விசிறி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு கண்ணைச் சுற்றி ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி ஆரத்துக்குச் செடிகளை அரிவாளால் அடியோடு வெட்ட வேண்டும். அதற்கு வெளியே இன்னொரு ஒன்றரை மீட்டர் வளையத்தில் 30 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டு. அதற்கும் வெளியே மூன்று மீட்டருக்கு, ஒரு மீட்டர் உயரம் விட்டு வெட்டு. மேலிருந்து பார்த்தால் கிண்ணம் மாதிரி ஒரு சரிவு வரும். பாறையில் மெத்தை போல ஒட்டிய பாசியை மட்டும் தொடவே கூடாது. அது சாலமாண்டர்களின் வீடு.

அந்தச் சாலமாண்டர்களுக்காகவே நான் அங்கே போகிறேன் என்றால் மிகையில்லை. சான் மார்கோஸ் சாலமாண்டர் என்பது விரல் நீளம்கூட இல்லாத, பல்லிக்குட்டி போன்ற பழுப்பு நிற உயிர். கழுத்தின் இரு பக்கமும் செவுள்கள் சின்ன இறகு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க நீரை விட்டு வெளியே வராது. இந்த ஏரியிலும் அணைக்குச் சற்றுக் கீழேயும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1980-லிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே கிரீம் ஆஃப் வீட் என்று ஓர் ஊற்று உண்டு. வெள்ளை மணல் ரவைக்கஞ்சி கொதிப்பது போலக் குமிழ்ந்துகொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். சால்ட் அண்ட் பெப்பர் என்று இன்னொன்று, கறுப்பும் வெள்ளையுமாக மணல் ஆடும். எனக்கு இரண்டாவது வருடம் என்று நினைவு, ஓர் ஊற்றின் ஓரத்தில் வண்டலை விசிறி முடித்துவிட்டு, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, ஒரு முழ உயரத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கூழாங்கற்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. முதலில் வால் நுனிதான் தெரிந்தது. பிறகு தலை, அந்தச் செவுள் இறகுகள் ஊற்று நீரில் படபடத்தன. கல்லுக்கு மேல் ஏறி, நான் ஐந்து நிமிடத்துக்கு முன்பு துடைத்த இடத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான் பார்த்தேன், என் நிழல் நகர்ந்ததும் கல்லிடுக்குக்குள் போய்விட்டது.

இப்போது உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரிக்கிறேன். இந்தச் சாலமாண்டருக்கு வண்டல் மூடாத சரளைக்கல்லும், ஓடுகிற நீரும், பாசி மெத்தையும் வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஊற்றைச் சுற்றி வெட்டாமல் விட்டால் செடி அடர்ந்து வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் கண்ணெதிரே நடப்பது. பருவநிலையால் வேலை தள்ளிப்போன சமயங்களில் போய்ப் பார்த்தால் கூழாங்கல் இருந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குப் பச்சை மண்டியிருக்கும். ஆனால் எங்கள் அரிவாளால்தான் இத்தனை சாலமாண்டர் கூடியது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீர்வரத்து, வெள்ளம், அந்நிய மீன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வண்டலை விசிறத் தொடங்கியதும் சன்ஃபிஷ் மீன்கள் பத்துப் பதினைந்து கூடிவிடும், உங்கள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் வரிசை கட்டி நிற்கும். கலங்கி எழும் சின்ன உயிர்களைத் தின்ன வருகின்றன. அதில் ஃபவுண்டன் டார்ட்டர் என்ற அருகிவரும் மீனும் மாட்டலாம். வளர்ந்தாலே மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும், 1970-லிருந்து பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதனால் மெதுவாக விசிறு, ஒரு பக்கமாகவே தள்ளு, உயிர்கள் ஒதுங்க நேரம் கொடு என்பது என் வழக்கம். பழகாத கையும் அவசரக் காலும் உள்ள பத்து தன்னார்வலர்களைவிட, நிதானமான இரண்டு பேர் மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது என் கருத்து, ஆய்வு முடிவு அல்ல.

செடிகளை அடையாளம் காண்பது தனிக்கல்வி, இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கபோம்பா அந்த ஏரியின் சொந்தச் செடி. டார்ட்டர்கள் அதற்குள் ஒளிந்து வாழும். ஹைட்ரில்லா வெளியிலிருந்து வந்தது. இரண்டும் தூரத்தில் ஒரே பச்சைத் தூரிகை மாதிரி தெரியும். கிட்டே போனால் கபோம்பாவின் இலைகள் எதிரெதிராக, விசிறி போலப் பிரிந்து, பட்டு மாதிரி இருக்கும். ஹைட்ரில்லாவில் தண்டைச் சுற்றி நான்கு முதல் எட்டுச் சிறு இலைகள் வட்டமாக நிற்கும், ஓரத்தில் பற்கள் இருக்கும், விரலால் உருவினால் சொரசொரக்கும். அதன் ஒரு துண்டு போதும், புதுச் செடி கிளம்ப. மண்ணுக்குள் கிழங்கு வேறு வைக்கும். ஆகவே வீரமாகப் பிடுங்கி எறிவது பல சமயம் பரப்புவதில் முடியும். கரையோரத்தில் யானைக்காது என்று அங்கே சொல்லும் செடி, நம் சேப்பங்கிழங்குதான், அதுவும் அங்கே அந்நியம். ஊற்றுகளைச் சுற்றி வெட்டிய செடிகள் ஓட்டத்தோடே போக விடப்படுகின்றன. இதிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. கீழே ஆற்றில் டெக்சஸ் காட்டுநெல் வளர்கிறது. உலகில் அந்த ஆற்றின் மேல்பகுதி தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத புல் அது. நீரோட்டத்தில் நீளமான பச்சை ரிப்பன் போல அலையும். மிதந்து வரும் செடிக்குப்பை அதன் மேல் பாய் மாதிரி படர்ந்தால் வெயிலை மறைத்துவிடும். அதனால் அங்கே அந்தக் குப்பையை விலக்குவதும் ஒரு வேலை. மேலே செய்யும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கணக்கு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலான விஷயம் தண்ணீர். ஏரிக்கு அடியில் கிளம்புவது எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கியின் (நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறை அடுக்கு) நீர். அதே நீர்த்தாங்கியை நம்பித்தான் சான் அன்டோனியோ உள்ளிட்ட ஊர்களும், மேற்கே விவசாயமும் இருக்கின்றன. சாதாரண காலத்தில் ஊற்றுகள் எல்லாம் சேர்ந்து வினாடிக்கு 4,000 லிட்டருக்கு மேல் கொடுக்கும். 1950-களின் பெரும் வறட்சியில், 1956-ல் அது ஏறக்குறைய 1,300 லிட்டருக்கு இறங்கியது. பக்கத்து ஊரான நியூ பிரவுன்ஃபெல்ஸின் கோமல் ஊற்றுகள் அந்த வருடம் மாதக்கணக்கில் வறண்டே போய், அங்கிருந்த டார்ட்டர்கள் அழிந்தன. பிறகு சான் மார்கோஸிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். 1991-ல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் 1993-ல் தீர்ப்பு வந்தது, ஊற்றுகளின் உயிர்களைக் காக்க நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்று. அதே வருடம் டெக்சஸ் சட்டமன்றம் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி ஆணையத்தை உருவாக்கியது. நான் மேலே சொன்ன வெட்டும் முறையும் பின்னால் வந்த வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு சிறு பகுதிதான். 2022, 2023 வறட்சியில் வரத்து வெகுவாகக் குறைந்தபோது, மணல் குதிக்கும் இடங்கள் சில சோம்பலாக அசைவதைப் பார்த்தேன். அப்போது எத்தனை அரிவாள் இருந்து என்ன பயன்? அந்த ஆற்றில் மட்டுமே இருந்த சான் மார்கோஸ் கம்பூசியா என்ற சிறு மீனை 1980-களுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2023-ல் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே பயனைப் பற்றிக் கேட்டால் என் பதில் இதுதான்: ஊற்றில் தண்ணீர் வரும்வரை எங்கள் வேலைக்கு அர்த்தம் உண்டு, தண்ணீருக்கு மாற்றாக அது ஒருபோதும் ஆகாது.

சரி, உங்கள் தயார்நிலைக்கு வருவோம். பதினான்கு டைவ் குறைவா என்றால், எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. எப்படித் தொங்குகிறீர்கள் என்பதுதான் பெரிது. அங்கே ஆழமான இடமே பத்து மீட்டருக்குள்தான். என் வேலை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மீட்டரில். ஆழம் குறைவு, ஆகவே எளிது என்று தோன்றும். மிதவைக் கட்டுப்பாட்டுக்கு அதுதான் கடினமான ஆழம். மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் அழுத்தம் வேகமாக மாறுகிறது. வெட்சூட் என்ற நுரை ரப்பர் உடையும், மிதப்பைக் கூட்டிக் குறைக்க மாட்டிக்கொள்ளும் பிசிடி என்ற சட்டையில் உள்ள காற்றும் ஒரு மீட்டர் ஏறினாலே விரியும். நுரையீரலில் அரை லிட்டர் காற்று கூடினால் அரைக் கிலோ தூக்கும். இதை மூச்சாலேயே சமன் செய்துகொண்டு, தலை கீழாகச் சாய்ந்து, கால் மேலே இருக்க, ஒரு கையில் அரிவாளோடு நிற்கப் பழக வேண்டும். என் முதல் நாள் நான் கடலில் பழகிய மாதிரி காலை மேலும் கீழும் அடித்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் வந்த வழி முழுக்க வண்டல் மேகம். ஜோடியாக இறங்கியவருக்கு அடுத்த பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து தவளை போலப் பக்கவாட்டில் விரித்து உதைக்கும் தவளை உதை மட்டும்தான்.

கடலில் பழகியவர்களுக்கு ஈயக்கணக்கு, அதாவது நீரில் அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் எடை, மாறும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். உடலும் உபகரணமும் சேர்த்து நூறு கிலோ என்றால், ஏரியில் இரண்டரைக் கிலோ ஈயம் குறைத்துக் கட்ட வேண்டும், உடை அதேதான் என்ற பட்சத்தில். ஆனால் உடை அதே இருக்காது. 22 டிகிரி என்று கேட்டால் சுகமாகத் தோன்றும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்து வேலை செய்யும்போது உடல் சூட்டை நீர் விடாமல் உறிஞ்சும். 3 மில்லிமீட்டர் உடையோடு வந்தவர்கள் நாற்பதாவது நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். 5 அல்லது 7 மில்லிமீட்டர், தலையுறையோடு. தடித்த உடை மிதக்கும், ஆகவே குறைத்த ஈயத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும். கணக்கைக் காகிதத்தில் போடாமல் நீரில் போட்டுப் பாருங்கள்.

ஆபத்து பற்றி இரண்டு வார்த்தை. ஆழம் குறைவு என்பதால், உடலில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழாகும் தொல்லை இங்கே பெரிய கவலை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதுதான் ஆபத்து. ஒன்றரை மீட்டரிலிருந்துகூட நுரையீரல் கிழியும். செடியில் சிக்கிய ஃபின்னை விடுவிக்கப் போராடும்போது ஆட்கள் தம்மை அறியாமல் மூச்சை அடக்குகிறார்கள். அப்புறம், தலைக்கு மேல் படகு ஓடும். நிமிர்ந்து பார்க்காமல், கையை உயர்த்தாமல் ஏறவே கூடாது. காதுக்கும் கவனம் தேவை, அடிக்கடி ஏறி இறங்கும் வேலை இது.

கீழே எதைக் கண்டாலும் எடுக்காதீர்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஊற்றுகளைச் சுற்றிப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். 1970-களின் இறுதியில் தொல்லியலாளர் ஜோயல் ஷைனர் நீருக்கடியில் அகழாய்வு தொடங்கியபோது அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய மனிதப் பண்பாடுகளில் ஒன்றான குளோவிஸ் காலக் கல்முனைகள்வரை கிடைத்தன. வண்டலை விசிறும்போது சீவிய கல் ஒன்று வெளியே தெரியலாம். அது கிடக்கும் இடமும் ஆழமும்தான் அதன் கதை. கையில் எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் வெறும் கல்லாகிவிடும். இருந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் சொன்னால் போதும்.

சேர்வதற்கு வழி: பொழுதுபோக்கு டைவுக்கு அந்த ஏரியைத் திறந்து விடுவதில்லை. மெடோஸ் மையத்தின் டைவ் பிரிவு நடத்தும் பயிற்சியை முடித்து அனுமதி பெற்றவர்கள்தான் இறங்கலாம். ஏரியின் உயிர்கள், தொல்லியல், வேலைமுறை மூன்றும் அதில் வரும். நீருக்குள் உங்கள் கட்டுப்பாட்டைச் சோதித்தும் பார்ப்பார்கள். தேதி, கட்டணம், குறைந்தபட்ச டைவ் எண்ணிக்கை ஆகியவை மாறக்கூடியவை, அவர்களிடமே கேளுங்கள். அதற்கு முன் ஒரு மாதம் நீச்சல்குளத்தில் இதைச் செய்து பாருங்கள்: அடியில் ஒரு நாணயத்தை வையுங்கள், முகம் அதற்கு ஒரு சாண் மேலே, கால்கள் சற்று உயர்ந்து, கைகள் எதையும் தொடாமல், ஐந்து நிமிடம். பிறகு அதே நிலையில் முகமூடியைக் கழற்றி மாட்டுங்கள். இடம் பெயராமல் இதைச் செய்ய முடிந்த அன்று விண்ணப்பியுங்கள்.

நடுவில் கேன்யன் லேக்கிலோ லேக் டிராவிஸிலோ பயிற்சி டைவ் போவீர்கள் என்று நினைக்கிறேன், ஆஸ்டின்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். இரண்டிலும் 2017-லேயே வரிக்குதிரைச் சிப்பி வந்துவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, பிசிடிக்குள் தங்கிய ஒரு கை நீரில் உயிரோடு பயணம் செய்யும். உள்நீரை வடித்து, கழுவி, ஒரு வாரமாவது எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்த பிறகுதான் ஸ்பிரிங் லேக்குக்கு வாருங்கள். பிசிடியின் உள்பை காய்வதற்கு அதிக நாள் எடுக்கும். கொஞ்சம் ஊதித் தலைகீழாகத் தொங்கவிட்டு, தினம் ஒரு முறை வடித்துப் பாருங்கள்.